முழங்காலும் நாலு மாடியும்

"வக்கீல்னு சொன்னானே உன் தம்பி, நாலாவது மாடி வக்கீல்னு சொன்னானா?"

"நீங்க நல்ல வக்கீல் வேணும்னு கேட்டீங்களா, கீழ்த்தளத்து வக்கீல் வேணும்னு..."

"முட்டி போனவன் வேற எதைடி கேப்பான்?"

"கத்தாதீங்க. இன்னும் மூணு மாடி இருக்கு, மூச்சு வேணும்!"

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நேரத்தில் பேசியதால், யாருடைய பேச்சை எதிரொலிப்பது என்று தெரியாமல் மாடிப்படிச் சுவரே திணறியது.

அவர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவர். மூன்று மாதத்துக்கு முன்பு, ஆள் உயரக் காகித உருளை ஒன்று கட்டை நழுவி வந்து அவருடைய வலது முழங்காலின் மேல் ஏறி இறங்கியது. தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டி நின்றது அவர் தப்பு என்றது கம்பெனி. அந்தக் கோட்டை, அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுதான் போட்டார்கள்.

நின்றால்தான் மெஷின். மெஷின் ஓடினால்தான் வீடு. இனி எட்டு மணி நேரம் நிற்க முடியாது என்று மூன்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஆகவே நஷ்டஈடு கேட்க வேண்டும், அதற்கு வக்கீல் வேண்டும். வக்கீலைக் கண்டுபிடித்தவன் மைத்துனன். எதைக் கேட்டாலும் 'எனக்கு ஆள் தெரியும்' என்பவன். வீட்டில் அவன் பெயரே 'ஆள் தெரிஞ்சவன்'தான்.

கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது. இரும்புக் கதவில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு, பூட்டின் மேல் அரக்கு. கதவில் ஒட்டியிருந்த காகிதம் பழுத்து, 'தொடக்கூடாது' என்ற ஒரு சொல் மட்டும் மிச்சமிருந்தது.

நாற்பது நிமிடத்தில் நாலாவது மாடி வந்தது. வக்கீல் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தலையில் ஒரு முடி கூட இல்லை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடக்கூடாது என்பார்கள். அன்று விதி போட்டுவிட்டது.

"காலைல எழுந்ததும் முட்டிக்கு உள்பக்கம் ஊசி குத்துற மாதிரி இருக்குமே?" என்றார் வக்கீல்.

"ஆமாங்கய்யா!"

"மத்தியானம் மரத்துப் போகும். சாயங்காலம் படி எறங்கணும்னு நெனைச்சாலே வேர்க்கும்."

மெஷின்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று டாக்டர்களுக்கும் தெரியாதது இந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது!

"எவ்ளோ படிச்சிருப்பாரு!" என்று மனைவி காதருகே முணுமுணுத்தாள்.

"அது கிடக்கட்டும். எப்படி மேல வந்தீங்க?" என்றார் வக்கீல்.

"ஏறித்தாங்கய்யா."

வக்கீல் நெற்றியில் அடித்துக்கொண்டார். "கெடுத்தீங்களே! நடக்க முடியலைன்னு கேஸு, நாலு மாடி ஏறினது ஆளு. கம்பெனிக்காரன் எங்கேயாவது நின்னு படம் எடுத்திருந்தா? இனிமே உங்க கால் படியில படவே கூடாது!"

"அப்ப நீங்க கீழ வந்து..."

"நானா? எனக்கு வீடும் ஆபீசும் இங்கதான். கோர்ட்டுக்கு ஜூனியர் போவாரு. கீழ எறங்கற பழக்கமே இல்ல."

"போன்ல பேசலாங்களா?"

"சட்டத்தை போன்ல பேசினா அது வதந்தி. நேர்ல வாங்க."

அடுத்த வாரம் சாப்பாட்டு மேஜை நாற்காலியோடு வந்தார்கள். அதில் மெஷின்காரர், முன்னால் மைத்துனன், பின்னால் மனைவி.

"நேரா புடிடா, சாயறேன்!"

"சாயாதீங்க மாமா, சாஞ்சா நாங்களும் சாய்வோம்!"

"உங்க மாமாவுக்கு லீவு போட்டதுல எட்டு கிலோ ஏறியிருக்குடா!"

"தூக்கறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமேக்கா..."

மூன்றாவது மாடித் திருப்பத்தில் மைத்துனனின் இடுப்பில் 'படக்' என்று ஒரு சத்தம். நாற்காலி இறங்கியது. மெஷின்காரர் இறங்கினார். மைத்துனன் அதில் உட்கார்ந்தான்; அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை.

"எனக்கு ஒரு டாக்டரைத் தெரியும்க்கா," என்றான் ஈனக் குரலில்.

மிச்சம் ஒரு மாடி. கால் படியில் படக்கூடாது. மெஷின்காரர் யோசித்தார். படியில் பின்பக்கமாக உட்கார்ந்தார். இரண்டு கையையும் ஊன்றி, மேல்படிக்கு உட்கார்ந்தபடியே நகர்ந்தார். பிறகு அதற்கும் மேல்படிக்கு. எதிரே இறங்கி வந்த ஓர் அம்மாள், படியைத் துடைக்கிறவர் என்று நினைத்து, "மூலையையும் நல்லா துடைப்பா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வக்கீலுக்குப் பரம திருப்தி. "இப்படித்தான்! இதே மாதிரி வெள்ளிக்கிழமை வாங்க. புது மெடிக்கல் சர்டிபிகேட் வேணும்."

வியாழக்கிழமை கம்பெனியிலிருந்து மேனேஜரே வீட்டுக்கு வந்தார். கையில் கடிதம். ஆஸ்பத்திரிச் செலவு முழுக்கக் கம்பெனியுடையது. அதற்கு மேல் கௌரவமான ஒரு தொகை. கம்பெனி கேட்டில், உள்ளே வருகிறவர்களின் பாஸைப் பார்க்கிற வேலை, அதுவும் மெத்தை வைத்த நாற்காலியில். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதில் வேண்டும்.

"உட்கார்ற வேலைங்க!" மனைவியின் குரலில் மூன்று மாதத்துக்குப் பிறகு சிரிப்பு வந்தது. "கையெழுத்தைப் போடுங்க."

"வக்கீலைக் கேக்காமயா?"

"கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு நாலு மாடி ஏறணுமா?"

"அவருக்கு என் முட்டியைப் பத்தி என்னை விட அதிகம் தெரியும்டி. அவர் சொல்லட்டும், போடறேன்."

வெள்ளிக்கிழமை மைத்துனன் இடுப்பில் பட்டையோடு கீழே வாட்ச்மேனின் முக்காலியில் உட்கார்ந்துகொண்டான். மெஷின்காரர் பின்பக்கமாக ஏறத் தொடங்கினார். மனைவி ஊன்றுகோலையும் ஃபைலையும் சுமந்தபடி ஒவ்வொரு படியிலும் ஒருமுறை, "மெத்தை வச்ச நாற்காலி," என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு மணி நேரத்தில் அவருடைய பேன்ட்டின் பின்பக்கம் தேய்ந்து கிழிந்தது.

வக்கீல் கடிதத்தைப் படித்தார். சிரித்தார்.

"பயந்துட்டான்! இது மொதத் தூண்டில். மொதத் தூண்டில்ல வாய் வைக்கிற மீனுக்குப் புழுதான் மிச்சம்."

"ஐயா, உட்கார்ற வேலை தர்றாங்களே," என்றாள் மனைவி.

"கம்பெனியையே உட்கார வைக்கிறேம்மா நான். ஆறே மாசம்! முழங்கால் கேஸுல எனக்கு இருக்கிற அனுபவம் இந்த ஊர்ல எவனுக்கும் கிடையாது."

"எல்லாத்துலயும் ஜெயிச்சிருக்கீங்களாய்யா?"

"இதுவரைக்கும் ஒண்ணுல கூடத் தோத்ததில்ல," என்றார் வக்கீல்.

மெஷின்காரர் மனைவியைப் பார்க்காமல், 'சம்மதமில்லை' என்று டைப் அடித்த தாளில் கையெழுத்துப் போட்டார். மணி நாலரை.

மெஷின்காரர் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கிக்கொண்டிருந்தபோது, இரண்டாவது மாடியில் ஜூனியர் அந்தத் தாளோடு இரண்டிரண்டு படியாகத் தாண்டி ஓடினார். கீழே ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. மனைவி அதற்குப் பிறகு 'மெத்தை' என்ற சொல்லை உச்சரிக்கவில்லை. அதுதான் மெஷின்காரருக்கு அதிகம் வலித்தது.

தரைக்கு வந்ததும் அவளுடைய கோபத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. புருஷனைத் திட்டினால் அழுகை வந்துவிடும். தம்பி ஏற்கெனவே அரை ஆளாக இருந்தான். சாவிக்கொத்தோடு வாட்ச்மேன் வந்தார்.

"ஏங்க, நாலு மாடியில இவ்ளோ பேர் இருக்காங்க, இந்த லிஃப்ட்டை ரிப்பேர் பண்ண ஒருத்தருக்குக் கூடவா மனசு வரல?"

"லிஃப்ட் நல்லாத்தாம்மா இருக்கு. நாலாவது மாடி வக்கீலய்யா இதுல முட்டி மாட்டி நஷ்டஈடு கேஸ் போட்டாரு, மொதல்ல கட்டடக்காரரு ஏதோ குடுக்கறேன்னாரு, மொதத் தூண்டில்ல வாய் வைக்க மாட்டேன்னுட்டாரு, தீர்ப்பு வர்ற வரைக்கும் சாட்சிப் பொருளை யாரும் தொடக்கூடாதுன்னு அவரே தடை வாங்கிப் பூட்டு போட்டாரு... இந்த மாசத்தோட பன்னெண்டு வருஷம் ஆகுதும்மா."