அப்பா எழுதிய முப்பத்தொரு கட்டுரைகள்

தங்கமான பிள்ளை என்று உங்கள் அக்கா சொல்லும் மைத்துனருக்கு,

வணக்கம். நலம் விசாரிப்பது முறை என்பதால் விசாரிக்கிறேன். நீங்கள் நலம் என்பது உங்கள் மருந்து வேதியியல் இதழில் மாதாமாதம் வரும் ஆசிரியர் புகைப்படத்திலேயே தெரிகிறது, கன்னத்தில் சதை போட்டிருக்கிறது. நான் நலமில்லை. பத்து வயது இளையவரை ‘நீங்கள்’ என்று எழுதுவதால் மரியாதை கூடிவிட்டதாக நினைக்க வேண்டாம். இது ஓர் ஆசிரியருக்கு எழுதும் புகார். புகாருக்கு ஒருமை சரிப்படாது.

வருகிற திங்கட்கிழமை எங்கள் துறையில் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல். இருப்பது ஒரே இடம். இரண்டு முறை கை நழுவிவிட்டது. இந்த முறையும் போனால் ஓய்வு பெறும் வரை நான் இணைப் பேராசிரியர்தான். எதிரே நிற்பவர் எங்கள் ‘கத்தரிக்கோல்’. பெயர்க் காரணம் உங்களுக்குத் தெரியும், அவருடைய கட்டுரைகளில் பாதி உங்கள் இதழில்தானே வந்தன? ஒரு மூலக்கூறு செய்தால் செய்த விதம் ஒரு கட்டுரை, பாக்டீரியா மேல் விட்டுப் பார்த்தது ஒன்று, பூஞ்சை மேல் விட்டுப் பார்த்தது ஒன்று, கணினியில் ஒரு புரதத்தோடு ஒட்டிப் பார்த்தது ஒன்று, ஒட்டாததற்கு விளக்கம் ஒன்று, இவ்வளவையும் தொகுத்து ‘ஒரு மீள்பார்வை’ என்று இன்னொன்று. இப்படி அறுபத்து நான்கு. நான் எழுதியது முப்பத்தொன்றுதான், ஆனால் ஒவ்வொன்றும் முழுசு. அந்தத் தைரியத்தில் விண்ணப்பத்தைக் கொடுத்தேன். அலுவலக எழுத்தர் அம்மா, இந்த வருடம் வந்த புது விதிப்படி, கட்டுரைத் தரவுத்தளத்தைத் திறந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

“சார், உங்க பேர்ல ஒண்ணுமே வரலையே?”

“முப்பத்தொண்ணு இருக்கணும்மா. நல்லாப் பாருங்க.”

“முப்பத்தொண்ணு இருக்கு. ஆனா அது வேற யாரோ பெரியவர் சார்.”

திரையை என் பக்கம் திருப்பினார். அந்தப் பெரியவர் என் அப்பா.

இதற்கு மூலகாரணம் நீங்கள். பத்தொன்பது வருடத்துக்கு முன் நீங்கள் அந்த இதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், உறவு விட்டுப்போகக்கூடாதே என்று என் முதல் கட்டுரையை உங்களிடம் தந்தேன். படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டிருந்தது. நமக்கேது அது? என் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, அவ்வளவுதான் நம் குடும்பப் பெயர். “இடம் காலியா இருந்தா கம்ப்யூட்டர் ஏத்துக்காது அத்தான், மாமா பேரை முழுசாப் போட்டுடறேன்” என்றீர்கள். போட்டீர்கள். பிறகு உங்கள் இதழில் வந்த முப்பதும் அதே படிவத்தின்படியே போயின. அச்சில் இரண்டு பெயரும் சேர்ந்துதான் இருந்தன. தரவுத்தளம் குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு மற்றதை ஓர் எழுத்தாகச் சுருக்கும் என்று எனக்கென்ன தெரியும்? உலகத்தில் எல்லாருக்கும் அப்பா, மகனுக்கு முன்னால் ஓர் எழுத்தாக நிற்பார். நான் மட்டும் அப்பாவுக்குப் பின்னால் ஓர் எழுத்தாக நிற்கிறேன். சின்ன வயதில் கண்டவர்களெல்லாம் “அப்பா பேரைக் காப்பாத்து” என்று வாழ்த்தினார்கள். காப்பாற்றியாயிற்று.

அப்பா ஓய்வு பெற்ற தையற்காரர் என்பதும், ஐந்தாம் வகுப்புக்கு மேல் போனதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் கல்யாண கோட்டை அவர்தான் தைத்தார். துறையில் எனக்குப் புது மின்னஞ்சல் தந்தபோது, பழையதைப் பேரப்பிள்ளைகளின் படம் பார்க்க வைத்துக்கொள்ளட்டும் என்று அப்பாவின் டேப்லெட்டில் போட்டுக் கொடுத்தேன். கட்டுரைகளில் இருந்த முகவரியும் அதுதான். நான்கு மாநாடுகள் அவரைச் சிறப்புரைக்கு அழைத்தன. என்னிடம் சொல்லாமலே நான்குக்கும் மூட்டுவலி என்று பதில் போட்டிருக்கிறார், பண்பானவர். நான் விண்ணப்பம் கொடுத்த பிறகு, ஐந்தாவதாக உங்கள் இதழ் ஒரு கட்டுரையை மதிப்பிடக் கேட்டு அனுப்பியது. அது கத்தரிக்கோலின் கட்டுரை, முந்தைய ஐந்தும் இணைப்பாக. அப்பா படங்களை மட்டும் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“ஆறும் ஒரே துணிதாம்ப்பா. ஒரு சட்டைத் துணியில ஆறு கைக்குட்டை அடிச்சிருக்கான். இந்தப் படத்தைப் பாரு, ரெண்டாவதுல இருக்கறதையே தலைகீழாத் திருப்பிப் போட்டிருக்கான். பூப்போட்ட துணியில பூ தலைகீழாப் போனா எங்க கடையில கூலியே கிடையாது.”

இருபது வருடம் இந்தத் துறையில் இருக்கும் என் கண்ணில் படாதது அது. அப்பா சொல்லச் சொல்ல டேப்லெட்டே மொழிபெயர்த்து அனுப்பிவிட்டது. நீங்கள் என்ன செய்தீர்கள்? படத்தை நேராக்கித் தரச்சொல்லிக் கட்டுரையை ஏற்றுக்கொண்டீர்கள்! ‘மூத்த அறிஞரின் கூர்மையான பார்வை’ என்று அப்பாவுக்குச் சான்றிதழ் வேறு. என் பட்டமளிப்புப் படம் தொங்கிய ஆணியில் இப்போது அதுதான் தொங்குகிறது.

உங்கள் துறையின் போக்கையும் சொல்லிவிடுகிறேன், ஆசிரியவுரையில் நீங்கள் சொல்லப்போவதில்லை. முதலில் எல்லாரும் கிருமிக்கொல்லி செய்தார்கள். பிறகு எல்லாரும் புற்றுநோய்க்குத் தாவினார்கள். ஒரு தொற்றுநோய் வந்ததும் சர்க்கரை நோய்க்கென்று செய்து வைத்திருந்ததையெல்லாம் தூசி தட்டி அதற்கு மருந்து என்றார்கள். இப்போது குடுவை கழுவ ஆளில்லை, எல்லாம் கணினியில் ஒட்டிப் பார்ப்பதோடு சரி. எலிகள் நிம்மதியாக இருக்கின்றன. எந்தக் கட்டுரையாவது ‘இம்மூலக்கூறு நம்பிக்கை அளிக்கிறது’ என்று முடியாமல் இருந்திருக்கிறதா? தரகர் கொண்டுவரும் வரன் மாதிரி எல்லாமே நம்பிக்கை அளிக்கிறது, ஒன்றும் கல்யாணத்தில் முடிவதில்லை. இதை அப்பாவிடம் பொருமியபோது அவர் ஆறுதல் சொல்லவில்லை.

“நீ மட்டும் என்னவாம்? இருபது வருஷமா உன் படத்துலயும் அதே அஞ்சுமூலை வளையந்தானே? ஒரு தடவ பட்டன இடது பக்கம் வெக்கற, ஒரு தடவ வலது பக்கம் வெக்கற. சட்டைய மாத்தலையே.”

பெற்றவர் என்பதால் பொறுத்தேன். பொறுக்க முடியாதது நேற்று வந்தது. அந்த ஐந்துமூலை வளைய மூலக்கூறுகளைப் பற்றி அதிகம் எழுதியவர் யார் என்று தேர்வுக் குழு தரவுத்தளத்தில் தேடியிருக்கிறது. திங்கட்கிழமை என்னை நேர்காண வெளி வல்லுநராக வரும்படி என் அப்பாவுக்கு அழைப்பு!

“காலையில பத்து மணிக்காம். ரெண்டு பேரும் ஒரே வண்டியில போயிடலாமா?” என்றார்.

“உங்களுக்கு வேதியியல் என்னப்பா தெரியும்?”

“உன்னத் தெரியுமே.”

“பாஸ் போடுவீங்களா?”

“அளவெடுக்காம எப்படிச் சொல்றது?”

உங்கள் அக்காவிடம் முறையிட்டேன். “ஃபாரத்துல கையெழுத்துப் போட்டது நீங்க. என் தம்பியக் கொற சொல்லாதீங்க” என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆகவே உங்களிடமே வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் இதழின் இணையப் பக்கத்தில் பிழைத்திருத்தம் போட வேண்டும். முப்பத்தொன்றும் மகன் எழுதியவை, தகப்பனார் தையற்காரர் என்று தெளிவாக இருக்க வேண்டும். தேர்வுக் குழுவுக்கும் ஒரு பிரதி போக வேண்டும். அதோடு, தலைகீழ்ப் படங்களை நிமிர்த்தி வைப்பதற்குப் பெயர் ஆசிரியப் பணி அல்ல என்பதையும், என் கட்டுரைகள் ஏழினை நீங்கள் திருப்பி அனுப்பிய தேதிகள் எனக்கு மனப்பாடம் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

உங்கள் மனைவியை விசாரித்ததாகச் சொல்லவும். குழந்தைகளுக்கு என் ஆசிகள். அவர்கள் எங்கே போனாலும் சொந்தப் பெயரில் போகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது அப்பா வந்தார். “நான் வரலைன்னு எழுதிட்டேம்ப்பா. பெத்த புள்ளைக்கு நானே மார்க் போட்டா நல்லா இருக்காது. நான் வராட்டி மாத்து ஆளுன்னு ஒரு பேரு போட்டிருந்தாங்க, அவரக் கூப்பிட்டுக்கச் சொல்லிட்டேன்” என்றார். டேப்லெட்டை வாங்கி அந்த அழைப்பைப் பார்த்தேன். மாற்று ஆள் நீங்கள். பிழைத்திருத்தம் எதுவும் வேண்டாம் மாப்பிள்ளை, பேர்க் குழப்பம் ஊருக்குத் தெரியும்போது தெரியட்டும், எழுதியது யார் என்று உங்களுக்குத் தெரிந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடுங்கள், உங்கள் அக்கா சமைப்பாள், மாடி அறையைச் சுத்தம் செய்தாயிற்று. திங்கட்கிழமை மட்டும் இருவரும் முன்பின் பார்த்திராதவர்கள். மேலே உள்ளதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தால், வாக்கியங்கள் நன்றாக அமைந்துவிட்டன, மனம் வரவில்லை. ஆகவே அவற்றை மட்டும், வழக்கம்போல, என் அப்பா எழுதியதாகவே வைத்துக்கொள்ளவும்.