நீதிபதி இருமினால் பங்கு ஏறும்

வழக்குப் பங்குதாரரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வழக்குப் போட்ட கம்பெனியில் கொஞ்சம் பங்கு வாங்கிவிட்டு, வாதி, வக்கீல், நீதிபதி மூவரின் வேலையையும் தானே பார்க்கிற இனம். கிழக்கு டெக்சாஸில் எங்கள் ஊர் நீதிமன்றத்தில் காப்புரிமை வழக்குகள் வந்து குவிவதால், இந்த இனம் இங்கே செழிப்பாக வளர்கிறது. என் அப்பா ஹார்லன் அதில் முதல் தரம்.

மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம் எல்லாவற்றையும் இணையத்தில் கட்டும் முறை தன் கண்டுபிடிப்பு என்று ஒரு குட்டிக் கம்பெனி, அதே தொழில் செய்யும் பெரிய கம்பெனிமேல் வழக்குப் போட்டிருந்தது. அப்பா குட்டியின் பக்கம். தன் வீட்டு மின்கட்டணத்தை மட்டும் காசோலை எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்புவார். இணையத்தில் பணம் கட்ட அவருக்குப் பயம்.

இந்த இனத்துக்குக் கெட்ட செய்தி என்று ஒன்று கிடையாது. எதிர்த்தரப்பு வக்கீலை மாற்றினால் பயந்துவிட்டார்கள். மாற்றாவிட்டால் வேறு எந்த வக்கீலும் வர மறுக்கிறான். பங்கு ஏறினால் உள்விஷயம் தெரிந்தவன் வாங்குகிறான். இறங்கினால் அதே ஆள் நம்மைப் பயமுறுத்தி மலிவாக வாங்கப் பார்க்கிறான். எதுவுமே நடக்காவிட்டால், அடடா, ரகசியமாகச் சமரசம் பேசுகிறார்கள்! தோற்றால்? மேல்முறையீடு இருக்கிறதே.

பங்குதாரர்கள் கூடிப் பேசும் இணையப் பக்கத்தில் அப்பாவுக்குத் தனி மரியாதை. நீதிமன்றத்தில் நேரில் உட்கார்ந்து பார்ப்பவர் அவர் ஒருவர்தான். ஒருநாள் பெரிய கம்பெனியின் வக்கீல் பேசும்போது நீதிபதி இருமினார். அப்பா அதை எழுதிப் போட்டார். "எத்தன தடவ?" என்று ஓஹையோவிலிருந்து ஒருவர். "வறட்டு இருமலா, சளியா?" என்று ஆரிகனிலிருந்து இன்னொருவர். மதியத்துக்குள் பங்கு ஏறிவிட்டது.

அடுத்த விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை. அப்பாவின் இதய அறுவைச் சிகிச்சையும் அன்றைக்குத்தான்.

"ஆபரேஷனத் தள்ளிப்போடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருப்பா," என்றேன்.

"இதயம் எங்கயும் ஓடிப்போகாது. நான் போகலன்னா நீதிபதி மூஞ்சிய யாரு பாக்குறது?"

"அந்தக் காப்புரிமைய நான் முழுசாப் படிச்சேன். கோர்ட்ல நிக்காது."

"நீ கம்ப்யூட்டர் படிச்சவ. நீதிபதி மூஞ்சியப் படிச்சிருக்கியா?"

"என் மூஞ்சியவிட அந்தாளு மூஞ்சியத்தான் நீ அதிகமாப் பாத்திருக்க, ஹார்லன்," என்றார் அம்மா.

"உன் மூஞ்சிய வச்சுப் பங்கு ஏறாதே, லோரீன்!"

சிகிச்சை ஒரு வாரம் தள்ளிப்போனது. செவ்வாய்க்கிழமை இஸ்திரி போட்ட சட்டையோடு போனார். நீதிமன்றமும் விசாரணையைத் தள்ளிவைத்துவிட்டது. வாயெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தார். "பாத்தியா? சமரசம் பேசுறாங்க!"

வெள்ளிக்கிழமை அவரை ஆம்புலன்ஸில் ஏற்றினோம்.

அறுவைக்கூடத்தின் கதவு வெகுநேரம் திறக்கவில்லை. "பொறுமையாப் பாத்துப் பண்றாங்கம்மா, நல்லதுதான்," என்றேன். ஒரு நர்ஸ் எங்களைப் பார்க்காமல் விரைந்து போனார். "கவலப்படுற மாதிரி இருந்தா நின்னு சொல்லியிருப்பாங்க." பிறகு ஒருவர் வந்து எங்களைப் பக்கத்தில் ஒரு சின்ன அறைக்கு அழைத்துப் போனார். சோபா, மங்கிய விளக்கு, மேசைமேல் ஒரு டிஷ்யூ பெட்டி. "இங்க கூட்டம் இல்ல. நிம்மதியாப் பேசலாம்னு கூப்பிட்டிருக்காங்கம்மா."

அங்கேதான் சொன்னார்கள், அப்பா போய்விட்டார் என்று.

இந்த இனத்தைத் தேடி டெக்சாஸ் வரை வர வேண்டாம். மூடிய கதவுக்கு வெளியே நீங்கள் காத்திருந்தபோது, பக்கத்தில் இருந்தவரிடம் என்னவெல்லாம் சொன்னீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். உங்களிடம் ஒரு பங்குகூட இல்லாமல் இருக்கலாம்.