பட்டத்துக் கோழி

பேராசிரியர் வருவதற்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. அந்த நேரம் பார்த்து ராணி அடைக்கு உட்கார்ந்துவிட்டது.

ராணி என்பது கோழி. ஸ்டானிஸ்லாஸ் வீட்டுக் கொல்லையில் மேய்ந்த கோழிகளிலேயே மிகக் கறுப்பானது, மிகத் திமிர் பிடித்தது. மைசூர்க் கல்லூரி ஒன்றில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்த ஸ்டானிஸ்லாஸ், ஒரு வருஷமாக இந்தக் கோழிகளின் சமூக வாழ்க்கையை ஆராய்ந்துவந்தார்.

ஆராய்ச்சியின் சாரம் இதுதான்: கோழிகளுக்குள் மேல், கீழ் உண்டு. மேலே இருப்பது கீழே இருப்பதைக் கொத்தும். கீழே இருப்பது வாங்கிக்கொண்டு, தனக்கும் கீழே யாராவது கிடைப்பார்களா என்று தேடும். ராணி எல்லாக் கோழிகளையும் கொத்தும். பிச்சி என்ற மொட்டைவால் கோழி எல்லாக் கோழிகளிடமும் கொத்து வாங்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வருஷம் எதற்கு, ஏதாவது ஒரு ஆபீசில் ஒரு நாள் உட்கார்ந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு விஞ்ஞானம் புரியாது.

பெங்களூரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்திருந்த பேராசிரியர் லிங்கப்பனுக்கு இது புரியும் என்று ஸ்டானிஸ்லாஸ் நம்பினார். நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவர் சொல்லியனுப்பியிருந்தார்: கல்லூரியில் ஒரு லெக்சரர் இடம் காலி, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து கோழிகளைப் பார்ப்பேன், பிடித்திருந்தால் இடம் உங்களுக்கு.

அந்த இடம் கிடைத்தே ஆகவேண்டும். மாமனார் சூசைநாதன் கல்யாண வீடு, ஞானஸ்நான வீடு, ஏன் துக்க வீட்டில்கூட, "இவர் நம்ம மாப்பிள்ளை, காலேஜ்ல தவளை பிடிக்கிறார்" என்றே அறிமுகப்படுத்திவந்தார். ஸ்டானிஸ்லாஸுக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

"அடைக்கோழியை இப்ப எழுப்ப முடியாதுங்க. மூணு வாரம் ஆகும்," என்றாள் அவர் மனைவி ஜேன்.

"மூணு வாரமா? அவர் பத்து மணிக்கு வர்றார்!"

"அப்பத் தண்ணில முக்கி எடுங்க. அடை தெளிஞ்சிடும்."

ஸ்டானிஸ்லாஸ் ராணியைத் தூக்கி அண்டாவில் முக்கினார். அடை அந்த நிமிஷமே தெளிந்தது. ஆனால் வெளியே குதித்த ராணி, உடம்பு பாதியாகச் சுருங்கி, சொட்டச் சொட்ட நின்றது. மற்ற கோழிகள் தலையைச் சாய்த்துப் பார்த்தன. இவளை எங்கேயும் பார்த்த மாதிரி இல்லையே என்றது அவற்றின் பார்வை. பிச்சி மெதுவாக நெருங்கி ஒரு கொத்து கொத்தியது. அதன் ஆயுளில் அது கொத்திய முதல் கொத்து. ருசி பிடித்துப்போய் இன்னொன்றும் கொத்தியது. பிறகு எல்லாம் சேர்ந்துகொண்டன.

"ஐயோ, என் தியரி!" என்று தலையில் கை வைத்தார் ஸ்டானிஸ்லாஸ்.

"தியரி கெடக்கட்டுங்க, கோழி செத்துடும்! முதல்ல அதைக் காய வையுங்க."

தலைக்குக் குளித்தால் கூந்தலுக்குப் புகை காட்டும் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள் ஜேன். உள்ளே நெருப்பு, நெருப்பில் சாம்பிராணி, மேலே ராணி. சிறிது நேரத்தில் ராணி இருமிக்கொண்டே வெளியே வந்தது. இறகெல்லாம் சாம்பல் பூத்து, பெரிய பூசை முடிந்த கோவில்போல மணத்தது. சேவலே அதைக் கண்டு ஓட்டம் பிடித்தது. ராணி அவமானம் தாங்காமல் கொய்யா மரத்தில் ஏறி, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

"பக்கத்து வீட்டு தேவம்மாகிட்ட இதே மாதிரி கறுப்புக் கோழி ஒண்ணு இருக்கு. வாங்கிட்டு வர்றேன்," என்று ஓடினாள் ஜேன். கோழியோடு ஒரு செய்தியும் கொண்டுவந்தாள்: "நமக்குக் கோழி பிடிக்க வரலைன்னு சொன்னேன். தேவராஜ மார்க்கெட் கோழிக்காரர் ஒருத்தரை உடனே அனுப்பறாங்களாம்."

தேவம்மாவின் கோழி கொல்லையில் கால் வைத்ததுதான் தாமதம். அந்நியக் கோழி என்று தெரிந்து எல்லாக் கோழிகளும் ஒன்றாகப் பாய்ந்தன. ஒரு வருஷமாகப் பேசிக்கொள்ளாத கோழிகள்கூட இந்த விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தன.

அந்தச் சமயம் கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். வெறுந்தலை. சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டியிருந்தார். முகமெல்லாம் வேர்வை. வாயைத் திறந்தபடி கோழிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தேவம்மா அனுப்பின ஆளா?"

"நான் இந்தக் கோழிகளைப் பார்க்கத்தான்..."

"பார்த்தது போதும், பிடிப்பா! அந்தப் பக்கம் வளைச்சுக்கோ!"

வந்தவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். கோழி தப்பியது. அவர் அண்டாவுக்குப் பக்கத்துச் சேற்றில் விழுந்தார்.

"கோழிக்காரன்னு வெளியில சொல்லாதே, சிரிப்பாங்க," என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

கோழிக்காரர் எழுந்து முட்டியைத் தடவிக்கொண்டார். "சார், இந்தக் கறுப்புக் கோழியை எல்லாம் சேர்ந்து கொத்துதே, ஏன்?"

"இது டூப்ளிகேட். நிஜ ராணி மரத்து மேல இருக்கு. இதை நீ யார்கிட்டேயும் மூச்சு விடக்கூடாது. இப்ப ஒரு புரபசர் வருவார். அவருக்கு இதுதான் ராணி."

"அவர் கண்டுபிடிச்சிட்டா?"

"அந்த ஆளா? கோழிக்கும் கொக்குக்கும் வித்தியாசம் தெரியுமோ என்னவோ! இங்கிலீஷ்ல நாலு வார்த்தை, தட்டு நிறைய அச்சுமுறுக்கு, காரியம் முடிஞ்சுது."

"ஹௌதா?" என்று கன்னடத்தில் ஆச்சரியப்பட்டார் கோழிக்காரர்.

ஸ்டானிஸ்லாஸுக்கு அப்போதுதான் அந்த அபாரமான யோசனை பிறந்தது. இருவருமாக ஒருவழியாகக் கோழிகளைப் பிடித்ததும், ஜேனின் தையல் நூலை எடுத்து ஒவ்வொரு கோழியின் காலிலும் கட்டினார். நூல் முனைகளையெல்லாம் கோழிக்காரர் கையில் திணித்தார்.

"நீ கூண்டுக்குப் பின்னாடி குந்திக்கோ. எந்தக் கோழி ராணியைக் கொத்த வருதோ, அதோட நூலை இழு. தலையைக் காட்டாதே."

"இது விஞ்ஞானமா சார்?"

"உனக்கு எதுக்குப்பா அதெல்லாம்? இழுன்னா இழு."

கோழிக்காரர் மறுபேச்சில்லாமல் கூண்டுக்குப் பின்னால் குந்தினார். நல்ல ஆள்தான், தொழில்தான் வரவில்லை என்று ஸ்டானிஸ்லாஸ் நினைத்துக்கொண்டார்.

வாசலில் ஜட்கா, அதாவது வாடகைக் குதிரைவண்டி, வந்து நின்றது.

"என்னங்க, வந்துட்டாரு!" என்று ஜேன் உள்ளிருந்து கத்தினாள்.

வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கழுத்துவரை பொத்தானிட்ட கறுப்புக் கோட்டு, பளபளக்கும் ஜரிகைத் தலைப்பாகை. அது மகாராஜா காலம். மைசூரில் தலைப்பாகைக்கு இருந்த மரியாதை தலைக்குக் கிடையாது. ஸ்டானிஸ்லாஸ் பாதி உடம்பை வளைத்துக் கும்பிட்டார். வந்தவர் காலில் செருப்பில்லை. பெரிய மனிதர்களுக்கே உரிய எளிமை என்று ஸ்டானிஸ்லாஸின் கண் கலங்கியது.

வந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜேன் அதில் ஒரு அச்சுமுறுக்கைத் திணித்துவிட்டாள். கொல்லையில் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தார்கள். ஸ்டானிஸ்லாஸ் இங்கிலீஷில் ஆரம்பித்தார். கோழி இனத்தின் வரலாறு, கொத்தின் வகைகள், கொத்து வாங்குவோரின் மனநிலை என்று மூச்சுவிடாமல் பேசினார். வந்தவர் "ம்" என்றார். பிறகும் "ம்" என்றார். அவ்வளவு கருத்தோடு இதுவரை யாரும் தன் பேச்சைக் கேட்டதில்லை என்று ஸ்டானிஸ்லாஸுக்கு உடம்பு புல்லரித்தது.

அடுத்தது செயல் விளக்கம். தேவம்மாவின் கோழி நடுவில் விடப்பட்டது. பிச்சி அதன்மேல் பாய்ந்தது. பாதியில் அந்தரத்தில் நின்று, அப்படியே பின்னால் சறுக்கிப் போனது. சிவப்புக் கோழி பாய்ந்தது, அதுவும் சறுக்கியது. சேவல் வந்தது; ஒரு சுற்றுச் சுற்றி உட்கார்ந்துகொண்டது.

"பார்த்தீர்களா சார்! ராணிமேல் எவ்வளவு மரியாதை!" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

வந்தவர் முறுக்கு வாயிலிருந்து விழுவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை கிடைத்துவிட்டது. ஸ்டானிஸ்லாஸுக்குத் துளியும் சந்தேகமில்லை. இனி எந்தத் துக்க வீட்டிலும் தைரியமாக நுழையலாம்.

அப்போது பார்த்துக் கூண்டுக்குப் பின்னாலிருந்து, கை நிறைய நூலும் முழங்காலில் சேறுமாகக் கோழிக்காரர் எழுந்து நின்றார். உதட்டில் ஒரு சிரிப்பு.

"உக்காருய்யா!" என்று பல்லைக் கடித்தார் ஸ்டானிஸ்லாஸ்.

கோழிக்காரர் உட்காரவில்லை. நாற்காலியில் இருந்தவர்தான் பதறியடித்துக்கொண்டு எழுந்தார். வந்ததிலிருந்து முதல்முறையாக நாலு வார்த்தை சேர்த்துப் பேசினார், அதுவும் கூண்டைப் பார்த்து:

"ஏனுங்க புரபசர் சாமி, சந்து முனையில இறங்கி நடக்கறப்ப வேர்க்குதுன்னு நீங்க கழட்டிக் குடுத்ததை, லகானைப் புடிக்கக் கை வேணுமேன்னு நானே மாட்டிக்கிட்டு வந்துட்டனுங்க, இந்தக் கோட்டையும் தலப்பாவையும் இப்பவாச்சும் வாங்கிக்குங்க, வாசல்ல என் குதிரை தனியா நிக்குது!"