சொல்தா வீட்டுத் தலைதீபாவளி

எமனே வந்தாலும் வாசலில் நிறுத்திவைக்கக்கூடிய மனிதர் முத்தியால்பேட்டையிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் எதிர்வீட்டு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கும். வீட்டுக்காரம்மாவுக்கே அது மறந்துபோயிருக்கும்.

ஐம்பத்தேழில் ஊரெங்கும் ஃப்ளூ ஜுரம். பட்டாளக் கொட்டடியில் இதேபோல ஒரு ஜுரம் புகுந்து, பக்கத்துக் கட்டில்கள் காலியானதைக் கண்ணால் பார்த்தவர் சொல்தா. வீட்டிலோ அந்தம்மாவுக்கு மூச்சிழுப்பு. ஆகவே வாசலுக்கு முன்னால் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். பால்காரர்கூடக் கோட்டுக்கு வெளியே நின்றுதான் ஊற்ற வேண்டும். மறந்து யாராவது காலெடுத்து வைத்தால் "ஆல்த்!" என்று பிரெஞ்சில் ஒரு அதட்டல். தெருநாயும் சேர்ந்து நின்றுவிடும்.

அந்த நேரம் பார்த்து மகளுக்குத் தலைதீபாவளி வந்தது. மாப்பிள்ளை வீடு ரெட்டியார்பாளையம். அங்கே வீட்டுக்கு வீடு ஜுரம். வராதீர்கள் என்றால் உறவு முறிந்துவிடும். வாருங்கள் என்றால் வீட்டுக்காரம்மாவின் கதி? சொல்தா தலையைப் பிய்த்துக்கொள்வார் என்று நினைத்தோம். அவர் பந்தல்காரரைக் கூப்பிட்டார்.

தீபாவளிக் காலையில் மகள், மாப்பிள்ளை, அவருடைய அம்மா மூவரும் வண்டியில் வந்து இறங்கினார்கள். நடுத்தெருவில் பந்தல், வாழைமரம், ஜமக்காளம்.

"ஆல்த்! மாப்ள, அங்கியே குந்துங்க!"

முருங்கைக்காய் பறிக்கும் தொரட்டியின் நுனியில் தொங்கியபடி புது வேட்டி கோட்டைத் தாண்டிப் போனது. பின்னாலேயே ஒரு தூக்கு நிறைய அதிரசம்.

சம்பந்தியம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எம் புள்ளைய தெருவுல குந்த வெச்சி சோறு போடறியாய்யா? எந்திரிடா, போவலாம்!"

மாப்பிள்ளை எழுந்தேவிட்டார். மகள் அழுதாள். "உள்ள வரச் சொல்லுங்க, எனக்கு என்னா ஆனாலும் ஆவட்டும்!" என்று ஜன்னலிலிருந்து கத்திய வீட்டுக்காரம்மாவுக்கு, கத்திய வேகத்தில் இழுக்கவே ஆரம்பித்துவிட்டது.

சொல்தாவின் குரல் இறங்கி நான் கேட்டது அன்றுதான். "அவ மூச்ச பாத்தீங்கல்ல சம்பந்தி? ஜொரம் வந்தா தாங்க மாட்டா. மாப்ளைக்கும் மரியாத கொறயக் கூடாது. நான் என்னா பண்ணட்டும்?"

பதிலுக்குக் காத்திருக்காமல், கோட்டுக்கு உள்ளே தன் பக்கத்துப் புழுதியில் இலையைப் போட்டு உட்கார்ந்தார். "நானும் தெருவுலதான் சாப்புடப் போறேன்."

என் மனைவி இட்லிக் குண்டானைத் தூக்கிவந்து எங்கள் வாசலில் வைத்து, என்னிடம் "வாங்க, குந்துங்க" என்றாள். அதைப் பார்த்து அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. அவரவர் வாசலில் தெருவே பந்தியாகிவிட்டது.

சம்பந்தியம்மா சுற்றிலும் பார்த்தார். மெதுவாக உட்கார்ந்தார். "சரி, கறிக்கொழம்பு வருமா, இல்ல அதுக்கும் கோடு போட்டிருக்கியா?"

தொரட்டி கறிக்குழம்புத் தூக்கோடு புறப்பட்டபோது தெரு எழுப்பிய ஆரவாரத்தில் பட்டாசுச் சத்தமே அடங்கிவிட்டது. ஜன்னலுக்குள் அந்தம்மா மத்தாப்பு சுற்றினார்.

வீடு திரும்பிய மறுநாளே மாப்பிள்ளைக்கு ஜுரம் கண்டது. "ஒன் பொண்டாட்டிய காப்பாத்திட்டய்யா" என்று சம்பந்தியம்மாவே சொல்லியனுப்பினார். வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

ஊரில் ஜுரம் ஓய்ந்து, மாப்பிள்ளையும் தேறி வந்த அன்று, சொல்தா தெருமுனைக்கே ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டார். அந்தப் பிடியில் மூச்சு முட்டி மாப்பிள்ளைக்கு இருமல் வந்துவிட்டது. அப்போதும் அந்த மனுஷன் விடவில்லை.