நாத்தனார் தலையில் விழுந்த காதல்

அன்புள்ள மருமகனுக்கு, அத்தை எழுதுவது. இங்கே என் ஒருத்தியைத் தவிர எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். அடுத்தவர் வீட்டு ரகசியத்தை அச்சடித்து விற்பவனுக்கு என்ன கேடு!

உன் காதல் நாவலைப் படித்தேன். அதென்னடா, பாதிப் புத்தகம் வரை கதாநாயகன் கடை வாசலிலேயே நிற்கிறான்? அவன் அவள் கையைப் பிடிப்பதற்குள் நான் துணி துவைத்து, காயப்போட்டு, மடித்தும் வைத்துவிட்டேன். அது போகட்டும். கல்யாணத்துக்கு முன்னால் எனக்கும் உன் மாமா கடைக்கு எதிர்க்கடைக் கடிகாரக்காரருக்கும் இருந்ததை, காய்ச்சலில் கிடந்த உனக்குப் பொழுது போகட்டுமென்று சொன்னேன் பார், என் வாயைத் தைக்கணும்! கதாநாயகனைக் கடிகாரக்காரராகவே விட்டுவிட்டு, அடையாளம் தெரியக்கூடாதென்று கதாநாயகிக்கு மட்டும் தையல் மெஷினையும் தடிமனான கண்ணாடியையும் கொடுத்தாயே, அதே மெஷினும் கண்ணாடியுமாக என் நாத்தனார் இதே வீட்டில் உட்கார்ந்திருப்பது மறந்துபோச்சா?

விலைப்பட்டியல் தவிர எதையும் படிக்காத உன் மாமா, இரும்புக்கடையில் உட்கார்ந்து வரிக்கு வரி விரல் வைத்து முழுசாகப் படித்தார். மூடி வைத்துவிட்டு, "ஐயோ, என் தங்கச்சி இத்தனை வருஷம் மனசுக்குள்ளயே வெச்சுக்கிட்டு இருந்திருக்காளே!"ன்னு கண் கலங்கினார். எனக்குச் சிரிக்கிறதா அழறதான்னு தெரியவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் தெருவைத் தாண்டிப் போய்ச் சம்பந்தம் பேசிவிட்டார். இன்னும் கட்டைப் பிரம்மச்சாரியாகவே இருக்கிற அந்தக் கடிகாரக்காரர், கண்ணில் மாட்டிய லென்ஸோடு நிமிர்ந்து, "புத்தகத்துலயே வந்துடுச்சுன்னா நான் என்னங்க சொல்றது?"ன்னாராம். சரி, நாத்தனாராவது மறுப்பாள்னு பார்த்தா, அவ அன்னைக்கே கல்யாண ரவிக்கைக்குத் துணி வெட்டிட்டா. "எனக்கே தெரியாம எனக்கு இப்படி ஒரு காதல் இருந்திருக்கே அண்ணி"ன்னு வெக்கம் வேற!

வர்ற வெள்ளிக்கிழமை கல்யாணம். "அது அவ இல்லீங்க"ன்னு நான் வாயைத் திறந்தா, "அப்ப யாரு?"ன்னு கேப்பார்ல? தங்கமான மனுஷன்டா உன் மாமா. அவர் முகம் ஒரு நிமிஷம் வாடினாலும் என்னால தாங்க முடியாது. அதனால நீயே அவருக்கு எழுதிடு, கதை மொத்தமும் கற்பனை, யாரையும் குறிக்காது, கல்யாணப் பேச்சை விட்டுடுங்கன்னு. நாத்தனார் பாவம்தான், வேற நல்ல இடமாப் பார்ப்போம். அந்தக் கடிகாரக்காரர் மாப்பிள்ளை உரிமையோட வந்து என் வீட்டுக் கூடத்துல உட்கார்ந்தா, நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு எதிர்ல போய் நிப்பேன், நீயே சொல்லு.

நீ நீடூழி வாழணும். இனிமேலாவது உனக்குச் சொந்தமாக் கொஞ்சம் கற்பனை வரணும். உன் அப்பாவை வேளைக்கு மாத்திரை போடச் சொல்.

இப்படிக்கு,
உன்னை நேரில் கண்டால் சும்மா விடமாட்டாத அத்தை

பி.கு.: மாப்பிள்ளை, மாமா எழுதுகிறேன். தபாலில் போடச் சொல்லி உன் அத்தை கொடுத்தாள், உறையை ஒட்ட மறந்துவிட்டாள். நீ ஒன்றும் எழுத வேண்டாம். மூன்றாம் பக்கத்தில் கதாநாயகி அவனைத் திட்டும்போதே ஆள் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படித் திட்ட இந்த ஊரில் ஒருத்திதான் இருக்கிறாள், நான்தான் தினமும் வாங்குகிறேன். என் தங்கைக்கும் ஒரு வாழ்க்கை அமைந்தது. வெள்ளிக்கிழமை முதல் கடிகாரக்காரர் உன் அத்தைக்கு அண்ணன் முறை. இனி நீ எத்தனை நாவல் எழுதினாலும் அந்த முறையை மாற்ற முடியாது.