ஹொலிவூட் அங்கிள் எடுத்த என் கல்யாணம்

சிட்னியில் தமிழ்க் கல்யாணங்களை ஐயர்மார்தான் நடத்தி வைக்கிறார்கள் என்று நீங்கள் நம்பினால், ஹொலிவூட் அங்கிளை நீங்கள் சந்திக்கவில்லை. அவர் கையைத் தூக்காமல் ஐயர் மந்திரம் தொடங்கமாட்டார். மேளகாரர் அடிக்கமாட்டார். மாப்பிள்ளை மூச்சுக்கூட விடமாட்டார். இத்தனைக்கும் மனுசன் வெறும் வீடியோக்காரர். ஆனால் அந்தச் சொல்லை அவருடைய முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் துணிவு வந்ததில்லை.

சொந்தப் பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. அவருடைய மனைவியே “ஹொலிவூட் வெளியிலை போயிட்டார்” என்றுதான் போனில் சொல்லுவார். ஜனவரி வெயிலில் பென்டில் ஹில் றோட்டுத் தார் உருகும்போதும் கோட்டு, தொப்பி. மடக்குகிற துணிக் கதிரை ஒன்றை மண்டபத்தின் நட்ட நடுவில் விரித்து, காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்துவிடுவார். சீதனம் பேச வந்த சம்பந்தி மாதிரி ஒரு மிடுக்கு.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தக் காலத்து ஹொலிவூட் இயக்குநர் ஒருவர். அவருடைய பெயரை அங்கிள் வாயால் சொன்னதே இல்லை. பழைய காலத்துப் பெண்கள் புருசன் பெயரைச் சொல்லாதது போல, “எங்கட பெரியவர்” என்பார். அங்கிளின் வீட்டுக் கராஜில் சுருட்டும் கையுமாகப் பெரியவரின் கறுப்பு வெள்ளைப் படம் தொங்கும். அதற்குச் சந்தன மாலை வேறு. கல்யாண வீடியோவுக்குப் பேச வந்த அன்ரி ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டு, “அப்பாவோ? நல்ல சாந்தமான முகம்” என்றார். அங்கிள் மறுக்கவில்லை.

பெரியவரின் வாழ்க்கை வரலாறு சிட்னித் தமிழர் எல்லோருக்கும் பாடம். பொடியனாகச் சினிமாச் செற்றுக்கு ஆணி அடிக்கப் போனவர், ஒருநாள் டைரக்டர் குடிவெறியில் விழுந்து கிடக்க, தானே குதிரைகளை ஓடவிட்டுப் படம் பிடித்து டைரக்டர் ஆனாராம். ஊமைப் படம், பேசும் படம், குதிரைப் படம், அழுகைப் படம் என்று எடுத்துத் தள்ளினாராம். ஒரு மேகம் நகரும் வரைக்கும் முழு ஊரையும் வெயிலில் நிறுத்தி வைத்தாராம். கடைசியில் ஸ்டூடியோ முதலாளி அவருக்குச் சொல்லாமலே படத்தின் முடிவை வெட்டி, சோகமாக முடியவேண்டிய கதையைக் கல்யாணத்தில் முடித்துவிட்டானாம். அதற்குப் பிறகு பெரியவர் கமெராவைத் தொடவேயில்லை.

இந்த இடத்துக்கு வந்ததும் அங்கிளுக்குக் கண் கலங்கும். “கல்யாணத்திலை கொண்டுபோய் முடிச்சுப்போட்டாங்கள், தம்பி!” என்று விம்முவார். இதை அவர் சொல்வது பெரும்பாலும் கல்யாண வீட்டில், மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு.

ஒருமுறை, பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்தியச் சடங்கு வீட்டில், வாழைப்பழத் துண்டில் திரி குத்திக் கொளுத்திய தட்டோடு மாமிமார் ஆலாத்தி எடுக்க வந்தார்கள். அங்கிளுக்குத் திருப்தியில்லை.

“நெருப்பிலை ஒரு உணர்ச்சி இல்லை. இன்னும் நாலு திரி வையுங்கோ. வன்ஸ் மோர்!”

மாமிமாரும் சளைக்காமல் திரும்பத் திரும்பச் சுற்றினார்கள். மண்டபத்தின் புகை அலாரம் அலறியது. ஃபயர் பிரிகேட் வந்து இறங்கியது. சனம் வெளியே ஓட, அங்கிள் மட்டும் வாசலில் நின்று, தலைக்கவசத்தோடு ஓடிவந்த வெள்ளைக்காரர்களை மறித்தார்.

“ஜென்டில்மென், வெரி குட் என்ட்ரி. வன்ஸ் மோர் ப்ளீஸ்!”

அவர்களும் சிரித்துக்கொண்டே திரும்பப் போய் இன்னொரு தரம் ஓடிவந்தார்கள். அந்த வீடியோவில் பெண்ணுக்குப் பக்கத்தில் மாமன்மார் நிற்கவேண்டிய இடத்தில் தீயணைப்பு வீரர்கள் நிற்கிறார்கள். “பெஸ்ட் டே எவர்” என்றாள் பிள்ளை. தகப்பன் மட்டும் அங்கிளோடு கனகாலம் கதைக்கவில்லை.

இதெல்லாம் தெரிந்தும் என் கல்யாணத்துக்கு அவரைத்தான் பிடித்தேன். என் விதி, வேறென்ன?

பெண் சுகந்தியின் அப்பா பருத்தித்துறையில். மகளின் கல்யாணத்துக்கென்று புதுச் சப்பாத்து வாங்கி வைத்துக்கொண்டு இருந்தவருக்கு விசா கிடைக்கவில்லை. சரி, நேரலையில் பார்க்கட்டும் என்று ஒரு மச்சான் தன் போனைப் பூச்சாடியில் சாத்தி வைத்தான். கெட்டிமேளம் கேட்ட நேரத்தில் போன் மல்லாக்க விழுந்துவிட்டது. மகளுக்குத் தாலி ஏறியபோது மாமா பார்த்தது மண்டபத்து ஃபேனை. சிறிது நேரத்தில் அதன் மேல் யாரோ வடைத் தட்டை வைத்ததால் அதுவும் போயிற்று.

ஆகவே மாமாவுக்கு மிச்சமிருந்த ஒரே வழி அங்கிளின் வீடியோதான். நெஞ்சு வருத்தக்காரர் வேறு, மாத்திரையில் ஓடுகிற இருதயம். ஒவ்வொரு போனிலும் “வீடியோ வந்திட்டுதோ, பிள்ளை?” என்பதே முதல் கேள்வி.

கல்யாணம் முடிந்து, ஹனிமூன் முடிந்து, முதல் சண்டையும் முடிந்தது. வீடியோ வரவில்லை. கேட்டால், “எடிட்டிங் எண்டது இடியப்பம் அவிக்கிற வேலை இல்லை, தம்பி” என்பார். மாமாவை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்த அன்று சுகந்தி கார் திறப்பைத் தூக்கிக்கொண்டு அங்கிள் வீட்டுக்குக் கிளம்பினாள். நான் பின்னால் ஓடினேன்.

கராஜுக்குள் போனால் திரையில் எங்கள் கல்யாணம் ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பு வெள்ளையில்.

“என்ர கூறைச்சேலை எங்க?” என்றாள் சுகந்தி.

“அதுதான் பிள்ளை, கட்டியிருக்கிறீர்.”

“அது சிவப்பு, அங்கிள்! ஊரிலை கடை கடையா ஏறி அப்பா எடுத்து அனுப்பினது!”

“கலர் எண்டது கவனத்தைச் சிதறடிக்கும். எங்கட பெரியவர்...”

“எடுத்ததை எடுத்தபடி தாங்கோ. நான் அப்பாவுக்கு அனுப்போணும்.”

அங்கிள் ஹார்ட் டிரைவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “முடியாத படத்தை வெளியிலை விடமாட்டன். ஒருத்தன்ர படத்திலை இன்னொருத்தன் கை வைக்கிறது எவ்வளவு பெரிய பாவம் தெரியுமே? பெரியவருக்கு முடிவை வெட்டினாங்கள். அந்த மனுசன் அதோடை சரி.”

சுகந்தி கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“உங்கட பெரியவருக்கு முடிவை மட்டும்தானே வெட்டினவங்கள், அங்கிள்? என்ர அப்பாவுக்கு நீங்கள் முழுப் படத்தையுமெல்லோ வெட்டிப்போட்டியள்.”

அங்கிள் தொப்பியைக் கழற்றினார். உள்ளே ஒரு முடி இல்லை. சிட்னியில் அதைக் கண்ட முதல் ஆட்கள் நாங்களாகத்தான் இருக்கும். தொப்பியை மேசையில் வைத்துவிட்டு, “அப்பான்ர நம்பரைத் தாரும், பிள்ளை” என்றார்.

அன்று முதல் கராஜில் நடந்தது ஒரு கூத்து. அங்கிள் மாமாவுக்கு வாட்ஸப்பில் எடுத்துத் துண்டு துண்டாகக் காட்ட, மாமா ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி உத்தரவு போடத் தொடங்கினார். முதல் உத்தரவு, கலரைத் திரும்பக் கொண்டுவரவேண்டும். இரண்டாவது, ஐயரைக் குறைக்கவேண்டும். மூன்றாவது, மாப்பிள்ளையை இன்னும் குறைக்கவேண்டும்.

“மாப்பிள்ளையை எப்பவும் பாக்கலாம். பிள்ளையைக் காட்டுங்கோ.”

அங்கிள் என்னிடம் வந்து முறையிட்டார். “உம்மட மாமா பெரியவரை விடப் பொல்லாத ஆள், தம்பி! பிள்ளையின்ர ஒரு ஷொட்டையும் வெட்ட விடுறாரில்லை!” முகத்தில் மட்டும் அப்படி ஒரு சந்தோசம்.

மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பிய கிழமையே படம் போய்ச் சேர்ந்தது. இங்கே நார்த்மீட்டில் எங்கள் வீட்டில் நாங்களும் போட்டுப் பார்த்தோம். மண்டப வாசலிலிருந்து மணவறை வரைக்கும் சுகந்தி நடந்து வருகிறாள். வெட்டு இல்லை, பாட்டு இல்லை, பறக்கும் பூ இல்லை. நடுவில் சேலை தடுக்கி நிற்கிறாள். ஒரு குழந்தை குறுக்கே ஓடுகிறது. சித்தப்பா மூக்கைச் சிந்துகிறார். மாமா மகளோடு சேர்ந்து நடக்கவேண்டிய தூரம் அவ்வளவும் அப்படியே இருந்தது.

முடிவில் எழுத்து வந்தது. கமெரா என்று அங்கிளின் பெயர், அன்றைக்குத்தான் அது எனக்குத் தெரிந்தது. இயக்கம் என்ற இடத்தில் என் மாமாவின் பெயர். சுகந்தி அதை நிறுத்தி வைத்துக்கொண்டு அழுத அழுகையில் நான் போய்த் தேத்தண்ணி ஊற்றினேன்.

என் கல்யாண வீடியோவில் நான் வருவதைப் பார்க்க வேண்டுமென்றால் கண்ணைச் சிமிட்டாமல் இருக்கவேண்டும். இருந்தாலும் ஹொலிவூட் அங்கிளை யாராவது வெறும் வீடியோக்காரர் என்று சொன்னால், எனக்குப் பொல்லாத கோபம் வருகிறது.