மனைவி சேர்ந்த சங்கம்

குமாசியில் இருக்கும் மதிப்புக்குரிய மச்சான் ஜாம்ஃபி அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் க்வாசி ஒடூரோ எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், கோகோ மரங்களும் சுகம். எனக்கு மட்டும் வயிற்றெரிச்சல்.

தங்கை அஃப்ரியேயை அந்த நியாய வணிகச் சங்கத்திலிருந்து விலகச் சொல்லி உடனே எழுதுங்கள். நம்மில் புருஷன் தோட்டம் வேறு, பெண்டாட்டி தோட்டம் வேறு. அவள் சேர்ந்தாள், நான் சேரவில்லை. சாக்லேட் தின்னும் தேசத்தார் விலைக்கு மேல் கொடுக்கிற தொகையை என்ன செய்வதென்று இவர்களே கூடிக் கை தூக்கி முடிவு செய்கிறார்கள். பள்ளிக்குக் கழிப்பறை வந்தது, மருந்தகம் வந்தது, ஆழ்குழாய்க் கிணறும் வந்துவிட்டது. என் கூலியாள் இசிஃபுகூட ஓடையைத் தாண்டி அவள் தோட்டத்துக்குப் போய்விட்டான். "அக்கா மருந்தடிக்க முகமூடி, பூட்ஸ் எல்லாம் தர்றாங்க. கூலியும் சொன்ன நாள்ல வருது. உங்ககிட்ட வெறுங்கால்தானே ஐயா" என்று முகத்துக்கு நேரே சொன்னான்.

பொறுக்காமல், என் கோகோவையும் அவள் மூட்டையில் கலந்துவிட்டேன். வாழையிலைக்குள் மூடி நாள் கணக்கில் புளிக்கவைக்க வேண்டிய கொட்டை; என்னுடையது சரியாகப் புளிக்காமலே அள்ளிக் காயவைத்தது. அவள் கூட்டத்துக்கு நடுவே ஒரு கொட்டையை முகர்ந்து, "இது என்னோடது இல்ல. இதுல என் வீட்டுக்காரர் அவசரம் வீசுது" என்றாள். ஊரே சிரித்தது.

கிணறு திறப்புக்குச் சங்கத்துப் பெண்கள் ஒரே துணியில் உடை தைத்தார்கள். நம் பெண்கள் துணிக்குப் பெயர் வைக்காமல் விடுவார்களா? "பொறாமைக்காரன் தாகம்" என்று வைத்தார்கள். யாரைச் சொல்கிறீர்கள் என்றேன். "துணிக்குப் பேரு வச்சா உங்களுக்கு ஏன் குத்துது?" என்கிறாள் உங்கள் தங்கை. ரோஷத்தில் ஓடைத் தண்ணீரையே குடித்து, வயிற்றுப்போக்கு கண்டு, கடைசியில் சங்கத்து மருந்தகத்திலேயே போய் விழுந்தேன். அங்கே நர்ஸ், "யாரு, உறுப்பினர் வீட்டுக்காரரா? உள்ள வாங்க" என்கிறாள். மச்சான், ஊரில் இப்போது என் பெயரே அதுதான். இதைவிட ஒரு ஆம்பளைக்கு என்ன அவமானம் வேணும்?

முன்னோர்கள் உங்களையும் அக்காவையும் பிள்ளைகளையும் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
க்வாசி ஒடூரோ

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். நானும் சங்கத்தில் சேர விண்ணப்பித்துவிட்டேன். உறுப்பினர் ஒருவர் எனக்காகப் பொறுப்பேற்க வேண்டுமாம். "உங்ககிட்ட வேலைக்கு வர்றேன்னு இசிஃபு தன் வாயால சொல்லட்டும், நான் கையெழுத்துப் போடறேன்" என்கிறாள் உங்கள் தங்கை. பூட்ஸ் வாங்கிக்கொண்டு போனேன். அவன் காலில் ஏறவில்லை. குமாசியில் கிடைப்பதிலேயே பெரிய ஜோடியாகப் பார்த்து, தயவுசெய்து முதல் பஸ்ஸில் அனுப்பிவையுங்கள்.